கண்ணை மூடிக்கொண்டு ஏறும் படி

என் மனைவிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. கல்யாணமான புதிதில் இது வயசுக்கோளாறு, போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எனக்குத்தான் வயசாயிற்று. அவள் அப்படியேதான் இருக்கிறாள்.

சினிமாவுக்குப் போனால் படம் தொடங்குவதற்குள் எழுந்துபோய், வெளியேறும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று தள்ளிப் பார்த்துவிட்டு வருவாள். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால், "இப்ப எப்படி இருக்கு?" என்று வாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் வராந்தாவை அளந்துகொண்டிருக்கும். அந்த முனையில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா, திரும்பாதா? திரும்பாது என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு நிம்மதி போச்சு. "அதைத் திருப்புறதுக்கு ஆளுங்க இருக்காங்க, நீ வா" என்பேன். "அவங்க தூக்கித்தான் திருப்புவாங்க. தூக்கும்போது நழுவினா?" என்பாள். நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் கடை மூடும்வரை எழுந்திருக்க மாட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் எந்தப் புண்ணியவான் முடிச்சுப் போட்டானோ தெரியவில்லை.

கட்டடம் கட்டுகிறவர்களுக்குக் கட்டட விதிகளைப் புரியவைப்பது அவள் தொழில். முதலில் அனுமதி கொடுக்கும் ஆபீசில்தான் இருந்தாள். வருகிற வரைபடத்தைப் பார்ப்பது, தப்பு இருந்தால் சிவப்பில் வட்டம் போடுவது, திருப்பி அனுப்புவது. திருப்பி அனுப்பப்பட்டவர் கொஞ்ச நாள் கழித்து வேறொரு கட்டடத்தோடு வருவார். அதே இடத்தில் அதே தப்பு இருக்கும். ஒருநாள் பொழுதோடு வீட்டுக்கு வந்து, "திருப்பி அனுப்பத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க, புரியவைக்க இல்ல" என்றாள். ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு முன்னறை எனக்குச் சொந்தமில்லை. சனிக்கிழமையானால் கான்ட்ராக்டர்கள், மேஸ்திரிகள், சொந்தமாக வீடு கட்டித் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் என்று செருப்புக் குவியல் வாசலை அடைத்துக்கொள்ளும். விதிப்புத்தகம் அலமாரியில் தலையணை கனத்தில் இருக்கிறது. அதை எடுத்து ஒருவருக்கும் அவள் படித்துக் காட்டியதில்லை. "படிச்சா தலையாட்டுவாங்க. வெளிய போனதும் மறந்துருவாங்க" என்பாள். புத்தகத்துக்குப் பதில் அவளிடம் சாக்கட்டி, டேப், ஒரு ரப்பர் பந்து, சக்கரம் வைத்த என்னுடைய நாற்காலி ஆகியவை உண்டு. நாற்காலியை நான் கணக்குப் பார்க்க வாங்கினேன். இரண்டு முறை உட்கார்ந்திருப்பேன்.

சக்கர நாற்காலியில் வருபவருக்கான கழிப்பறைக்கு ஏன் அத்தனை இடம் விடவேண்டும் என்று யாராவது மல்லுக்கு நின்றால், அவர் வரைந்து வந்த அளவையே தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, அவரையே நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே தள்ளுவாள். "காலைத் தரையில வைக்கக் கூடாது. இப்ப திரும்பி வெளிய வாங்க." அவர் முழங்கால் கோட்டைத் தாண்டும். "சுவர்ல முட்டிக்கிட்டீங்க. மறுபடி." ஆள் வியர்த்துப்போவார். மாடி கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டால் பந்தை எடுத்துக் கையில் கொடுப்பாள். "இது உள்ள போச்சுன்னா ஒரு பிள்ளையோட தலையும் போகும். கம்பிய வாங்கறதுக்கு முன்னாடி பந்தை வாங்குங்க." அதனால் அவளுக்குப் பந்து மேடம் என்று பெயர். நேரில் வெறும் மேடம்தான்.

படிக்கட்டுப் பாடம்தான் இவை எல்லாவற்றையும்விடப் பிரசித்தம். எங்கள் மொட்டை மாடிப் படியில் ஒரு படியின்மேல் மட்டும் மெல்லிய பலகை ஒன்றை வைத்துவிடுவாள். பிறகு வந்தவரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறச் சொல்வாள். ஏறுகிறவர் சரியாக அந்தப் படியில் கால் இடறி "ஐயோ" என்று கம்பியைப் பிடிப்பார். "ரெண்டு படி ஏறினதும் கால் உயரத்தை மனப்பாடம் பண்ணிக்கும். அதுக்கப்புறம் யாரும் படியைப் பாக்குறதில்ல, கண்ணைத் திறந்துதான் வெச்சிருப்போம், ஆனா கால்தான் ஏறுது. எல்லாப் படியும் ஒரே உயரம்னு விதியில போட்டிருக்கறது அழகுக்கு இல்ல." ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், பாடம் நடப்பது தெரியாமல், காயப்போட்ட துண்டை எடுக்க மாடிக்கு ஏறினேன். பலகையில் இடறி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். கான்ட்ராக்டர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். என் தர்மபத்தினி அவர்களைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றாள்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் பின்னால் எங்கள் சம்பந்தி ஆனார். ஒன்றைப் புரிந்துகொள்ளும்வரை விடமாட்டார். புரிந்துவிட்டால் பிறகு உயிரே போனாலும் மாற்ற மாட்டார். அவர் மறந்துவிட்டுப் போன வரைபடத்தை எடுத்துப்போக வந்த அவர் மகன், எங்கள் மகளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அப்புறம் அடிக்கடி வரைபடம் மறந்துபோக ஆரம்பித்தது. கல்யாணத்துக்குப் பிறகும் சம்பந்தி பேச்சுவாக்கில் என் மனைவியை மேடம் என்றுதான் கூப்பிடுவார், நாக்கைக் கடித்துக்கொண்டு சம்பந்தியம்மா என்று திருத்துவார்.

எங்களுக்கு ஒரே மகள். சின்ன வயதில் அவள் அம்மாவோடு கட்டடம் கட்டடமாகச் சுற்றியவள். டேப்பின் நுனியைப் பிடிப்பது அவள் வேலை. "இறுக்கிப் பிடிடி, நழுவ விடாத" என்று அம்மா அந்தக் கோடியிலிருந்து கத்துவாள். குட்டியும் நாக்கைத் துருத்திக்கொண்டு பிடித்திருக்கும். கொஞ்சம் வளர்ந்த பிறகு, தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கேக் வெட்டி முடிப்பதற்குள் என் மனைவி பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே பந்தை விட்டுக் காட்டிவிட்டாள். பந்து மூன்று மாடி கீழே போய் விழுந்தது. அந்தத் தோழி அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். மகள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "இனிமே உன் டேப்பை நான் தொட மாட்டேன்" என்றாள். தொடவும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் சும்மா இருந்தாளா? சம்பந்தியின் அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில், அந்த அம்மாள் ஆசையாக வைத்த வழுவழுப்பான குளியலறைத் தரையைப் பார்த்து, "இதுல யாரும் இன்னும் விழலையா?" என்று கேட்டுவைத்தாள். அக்கா இன்றைக்கும் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதற்கு மகள்தான் புகுந்த வீட்டில் பேச்சு வாங்கினாள்.

சம்பந்தி தன் வீட்டுக்கு மேலேயே மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு மாடி கட்டினார். படிக்கட்டுக்குக் கான்கிரீட் போட்டதும் முதல் வேலையாக என் மனைவியைக் கூப்பிட்டுவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள். "ஒரு குறையும் இல்ல சம்பந்தி" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. மனிதர் பள்ளிக்கூடப் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சிரித்தார்.

மாடி முடிந்து குடிபோகும் சமயத்தில் மகளுக்கு எட்டாம் மாதம். குடிபோவதற்கு முந்தின நாள் போன் செய்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, நாளைக்கு டேப் கொண்டுவராத. பந்தும் வேண்டாம்."

"சரிடி."

"அது சரியில்ல, இது சரியில்லன்னு ஒரு வார்த்தை பேசக் கூடாது. மாமா எனக்காகப் பாத்துப் பாத்துக் கட்டியிருக்காரு. அவரோட அக்காவும் வருவாங்க. நான் அந்த வீட்டுல வாழணும்மா. சத்தியம் பண்ணு."

என் மனைவி சத்தியம் பண்ணினாள். மறுநாள் காலையில் நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, என் பேண்ட் பாக்கெட்டில் டேப்பைத் திணித்தாள். "நான் கொண்டுவர மாட்டேன்னுதானே சொன்னேன்" என்றாள். நாள் முழுக்க அது என் தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது.

போன உடனே கீழே உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பிறகு மாடிக்குக் கூட்டிப்போனார்கள். முன்னால் சம்பந்தி, அவருக்குப் பின்னால் என் மனைவி, அப்புறம் நான். படி ஏறுவதற்குச் சுகமாகத்தான் இருந்தது. கடைசிப் படியில் என் மனைவியின் கால்விரல் நுனி லேசாக இடித்தது. இடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, உரசியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன, வழியில நிக்கிற?" என்று சொல்லிக்கொண்டே நான் காலை வைத்தேன், எனக்கும் இடித்தது. என் கால்தானே, எங்கேயும் இடிக்கும் என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே தரை பளபளவென்று இருந்தது. நீலமும் சாம்பலும் கலந்த கனமான கல். "மருமக கடையில பாத்துட்டு ஆசைப்பட்டுது. ஏற்கெனவே வேற ஓடு வாங்கி வெச்சிருந்தேன், அதைத் திருப்பிக் குடுத்துட்டு இதைப் போட்டுட்டேன்" என்றார் சம்பந்தி. பிறகு என் மனைவியைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கிற பையன் போலச் சொன்னார்: "ஆனா படிக்கு இந்தக் கல்லைப் போடல மேடம். வழுக்கும்ல? நீங்க சொன்ன மாதிரியே சொரசொரப்பான மெல்லிசு ஓடுதான் ஒட்டியிருக்கேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க" என்றாள் என் மனைவி. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கொஞ்ச நேரத்தில் என்னைப் பின்பக்கப் பால்கனிக்கு இழுத்துப்போனாள். "படியில மெல்லிசு ஓடு. மேல தரையில தடிக் கல்லு, அதுக்கு அடியில கலவை வேற. மத்த படியெல்லாம் ஒண்ணு, கடைசிப் படி மட்டும் ஒரு விரல்கட்டை அதிகம். ஏறும்போது இடிக்கும், அது பரவால்ல. இறங்கும்போது முதல் அடியே பள்ளத்துல போகும்" என்று கிசுகிசுத்தாள்.

"அப்ப சொல்லிடு."

"எப்படிச் சொல்லுவேன்? சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நான் சொல்லட்டுமா?"

"நீங்க சொன்னா நான் சொல்லிக்குடுத்தேன்னு தெரியாதா?"

அதுவும் சரிதான். எனக்கு ஏது அந்த அறிவு. "பாத்து நடந்துக்குவா, விடு" என்றேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"எதைப் பாப்பா? எட்டு மாசம்ங்க. வயித்துக்குக் கீழ அவ காலே அவளுக்குத் தெரியாது. நான் எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டு ஏறுங்க, இறங்குங்கன்னு விளையாட்டுக் காட்டுறேன். என் பொண்ணு தினமும் அப்படித்தான் இறங்கப்போறா."

அதற்குப் பிறகு எனக்கும் அந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. என் மனைவி ஒரு ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திருகினாள். அலமாரியை அழகு என்றாள், அதையே மறுபடி போய் அழகு என்றாள். சம்பந்தியின் அக்கா சோபாவில் உட்கார்ந்து, இவள் இப்போது எதில் குறை கண்டுபிடிப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தார். மகளோ அம்மா போகிற திக்கெல்லாம் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் பாக்கெட்டில் கையை விட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், யார் கண்ணிலும் படக்கூடாதே என்று.

சாப்பாட்டைக் கவனிக்கக் கீழே போயிருந்த சம்பந்தியின் குரல் வந்தது. "சாப்பாடு ஆயிடுச்சு, எல்லாரும் இறங்கி வாங்க!"

மகள் சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து படியை நோக்கி நடந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி அவளைத் தாண்டி ஓடினாள். போய் மாடிப்படியின் தலைப்பில், அந்த நீலக் கல்லின் விளிம்பில், வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, எந்திரி. கீழ போகணும்."

"கால் வலிக்குது."

என் மனைவிக்குக் கால் வலி! ஒரு நாளைக்கு நாலு கட்டடத்தில் சாரத்தில் ஏறி இறங்குகிறவள். மகளுக்கும் அது பொய் என்று தெரியும்.

"விளையாடாதம்மா. எல்லாரும் காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும்."

"என்னவாம் இப்போ? மரியாதை பத்தலையா?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் மேற்கூரையைப் பார்த்தேன். மகளின் கண் நிறைந்துவிட்டது. "இன்னிக்கு ஒரு நாள்தான்மா கேட்டேன்" என்றாள். என் மனைவி இரண்டு கையாலும் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள். அவள் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பயமாக இருந்தது.

யாரும் வரவில்லையே என்று சம்பந்தி படியடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். "என்ன மேடம், அங்கேயே உக்காந்துட்டீங்க?"

அவள் சத்தியத்தை மீறவில்லை. அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

முதலில் அவர் முகம் கறுத்தது. பிறகு அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எங்கள் வீட்டு முன்னறையில் எத்தனை சனிக்கிழமை உட்கார்ந்திருப்பார் அந்த மனிதர்! கையைக் கம்பியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஏற ஆரம்பித்தார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. என் மனைவி மட்டும் ஒரு ஓரமாக நகர்ந்து வழிவிட்டாள். அவர் கால் ஒரே தாளத்தில் ஏறி வந்தது. கடைசிப் படியில் கட்டைவிரல் 'டக்' என்று கல்லில் இடித்தது. தடுமாறி, கம்பியைப் பிடித்து, கண்ணைத் திறந்தார்.

"நீங்க ஏறிப் பாத்தீங்களே" என்றார். "சரியா இருந்துச்சே."

"சரியாத்தான் இருந்துச்சு சம்பந்தி. அப்புறம் கல்லு வந்துச்சு."

"வழுக்கக் கூடாதுன்னுதான் படிக்குப் போடாம..."

"தெரியும். நான் சொன்னதைத்தான் செஞ்சீங்க. ஒண்ணைச் சொன்னேன், அது இன்னொண்ணுல கொண்டுபோய் விடும்னு சொல்லல."

அவர் அவளுக்கு இரண்டு படி கீழே பொத்தென்று உட்கார்ந்தார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "என் மருமக இறங்குற படி" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

அப்போதுதான் மகள் சொன்னாள். "மாமா, நான் நேத்தே தடுக்கினேன்."

எல்லோரும் திரும்பினோம்.

"துணி அடுக்க வந்தேன்ல. இறங்கும்போது முதல் படியிலேயே கால் போயிடுச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன், ஒண்ணும் ஆகல. அப்புறம்தான் அம்மாவுக்குப் போன் பண்ணி டேப் கொண்டுவராதன்னு சொன்னேன்."

"ஏம்மா?" என்றேன் நான்.

"அம்மாகிட்ட சொன்னா டேப்போட வந்து நிப்பா. மாமா மனசு உடைஞ்சிடும். கல்லுகூட நான் கேட்டதுதானே. நானே பாத்து நடந்துக்கலாம்னு நெனச்சேன்."

என் மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள். "உன்னால எப்படிடி பாக்க முடியும்?" என்றாள். ஊருக்கே விளங்கவைக்கிறவளிடம் பெற்ற பெண் சொல்லப் பயந்திருக்கிறாள். அது அவளைக் குத்திக் கிழித்துவிட்டது. எனக்கும்தான்.

சம்பந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இந்தக் கல்லை இன்னிக்கே பேத்துடலாம். அதுவரைக்கும் பொண்ணு கீழதான் இருக்கணும், நான் கையைப் பிடிச்சு இறக்கிவிடுறேன். அதுக்கு முன்னாடி எவ்வளவு தூக்கியிருக்குன்னு பாத்துக்கணும். மேடம், டேப் குடுங்க."

"எங்கிட்ட இல்ல" என்றாள் என் மனைவி. உண்மையைத்தான் சொன்னாள்.

"அப்பா, எடுங்க" என்றாள் மகள். "வந்ததுல இருந்து பாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவளால் குனிய முடியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, அந்தக் கல்லின்மேல் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். டேப்பின் நுனியை இழுத்துக் கல் விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். என் மனைவி டேப்பின் பெட்டியைக் கீழ்ப்படிக்கு இறக்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதால் அவளுக்கு எண் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி குனிந்தாள்.

"இறுக்கிப் பிடிடி" என்றாள். "நழுவ விடாத."

"பிடிச்சுக்கிட்டுத்தான்மா இருக்கேன்" என்றாள் மகள்.